“எப்போதாவது கைதுசெய்யப்பட்டீரா?”



சில வாரங்களுக்கு முன்னர் ஒரு மாலை, செபமாலை முடிந்து சனங்கள் கலைந்த பின், ஒரு தாயும் மகனும் அறைவீட்டு விறாந்தையில் வந்து நின்றார்கள். மகனுக்குக் கனடாவிலே ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. பணத்துக்கு ஒருவாறு வழி பண்ணிவிட்டார்கள். அவர்கள் என்னிடம் கேட்டு வந்தது ஒரு நற்சான்றுக் கடிதம். “பொலிஸ் தொந்தரவு ஒன்றுக்கும் போகாத பிள்ளை” என்று அதில் ஒரு வரி வரவேண்டும் என்று தாய் வேண்டிக்கொண்டார்.

அந்த வரியை எழுத என் பேனா எழும்பவில்லை. ஏனெனில் அந்தப் பிள்ளை கைதானது எனக்குத் தெரியும். அப்போது நான் அவர்களுடைய பங்கிலேதான் பணியாற்றிக்கொண்டிருந்தேன்.

அடையாளம் தெரியாதிருக்க வேண்டி ஊரையும் நாளையும் விட்டுவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று கோவில்களிலே குண்டுகள் வெடித்த பின்னர் நாடெங்கும் சோதனைகள் நடந்தன. அந்த மே மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும்கூடக் கைதானதை வாசகர் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த நாட்களிலேதான் இவருடைய கைத்தொலைபேசியில் இருந்த ஒரு படத்துக்காக இவரையும் கொண்டுபோனார்கள். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் சில மாதங்கள் தடுப்புக்காவல். குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படவில்லை. ஒரு நாள் நீதவான் விடுதலை செய்தார், அவ்வளவுதான்.

இப்பொழுது விசா விண்ணப்பத்திலே ஒரு கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது. எந்த நாட்டிலாவது நீர் குற்றம் புரிந்ததுண்டா, குற்றத்திற்காகக் கைதுசெய்யப்பட்டதுண்டா, குற்றஞ்சாட்டப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா என்று நான்கையும் ஒரே மூச்சில் கேட்டு, “ஆம்” அல்லது “இல்லை” என்று ஒரே விடையைக் கனடா எதிர்பார்க்கிறது. குற்றம் செய்தவனும் சந்தேகத்தில் பிடிபட்டவனும் ஒரே பெட்டிக்குள் அடையாளம் இடவேண்டும். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கும் முகவர், “இல்லை எண்டு போடும் தம்பி, ஆர் தேடப்போகினம்?” என்று சொல்லிவிட்டாராம். மகனுக்கு மனம் ஒப்பவில்லை. தாய்க்கு ஒப்பியிருந்தது. அவர் சொன்ன நியாயத்தை அப்படியே எழுதுகிறேன்.

“சுவாமி, பிள்ளை ஒரு குற்றமும் செய்யேல்லை. வழக்குமில்லை. இதில ‘ஓம்’ எண்டு போட்டால் அங்க இருந்து வாசிக்கிறவன் இவன் ஏதோ செய்துபோட்டான் எண்டுதானே நினைப்பான்? அது பொய்தானே? ‘இல்லை’ எண்டு போட்டால்தான் அவன் பிள்ளையைப் பற்றிச் சரியா நினைப்பான்.”

கொழும்புத்துறைக் குருமடத்திலே ஒழுக்கவியல் படித்தவன் நான். சோதனையும் எழுதிச் சித்தியடைந்தேன். இந்தத் தாயின் கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. “நாளைக்கு வாருங்கோ” என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு பழைய புத்தகங்களைத் தூசி தட்டினேன். அதிலே கண்டதையும் என் மனத்தில் ஓடியதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வி ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. 1979ஆம் ஆண்டு அந்தச் சட்டம் வந்தபோது மூன்று ஆண்டுகளுக்கென்றே வந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று. வெலிக்கடை, பூசா, ஆனையிறவு, குருநகர் என்று எத்தனை பெயர்கள்! சுற்றிவளைப்பில் தலையாட்டியின் முன் நிறுத்தப்பட்டு ஏற்றப்பட்டவர்கள் எத்தனை பேர்! 2009இன் பின்னர் புனர்வாழ்வு என்ற பெயரில் தடுத்து வைக்கப்பட்டவர்கள் மாத்திரம் ஏறக்குறைய 12,000 பேர். அவர்களுடைய பிள்ளைகளும் தம்பிமாரும் இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களே விண்ணப்பிப்பதும் உண்டு.

பொய் எது என்பதில் புனித அகுஸ்தீனார் மிகக் கண்டிப்பானவர். ஒருவரின் உயிரைக் காக்கவும் பொய் ஆகாது என்றார். புனித தோமஸ் அக்குவினாஸ் அந்த வழியையே பின்பற்றினாலும், உண்மையைப் புத்தியோடு மறைத்துவைப்பது பாவமல்ல என்று இடம் விட்டார். இன்னும் ஒரு படி மேலே சென்று, நீதிமன்றத்தில் நிற்கும் குற்றஞ்சாட்டப்பட்டவனைப் பற்றியே தனியாக ஒரு வினா எழுதியிருக்கிறார். நீதிபதி சட்டமுறைப்படி கேட்பதற்கு அவன் உண்மை சொல்லியாக வேண்டும். கேட்க உரிமையில்லாததை நீதிபதி கேட்டால் விடை சொல்ல அவன் கடமைப்பட்டவனல்லன். வாய் மூடி நிற்கலாம், மேன்முறையீடு செய்யலாம், வேறு நியாயமான வழியால் தப்பலாம். ஆயினும் பொய் சொல்லலாகாது. நம் நாட்டுப் பொலிஸ் நிலையங்களிலே நடந்த விசாரணைகளை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை வாசித்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் நம் பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து எழுதியது போலிருந்தது.

கேட்பவனுக்கு உரிமை உண்டா என்பதைத் திருச்சபை இன்றும் எடை போட்டுக்கொண்டேயிருக்கிறது. 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, உண்மையை அறிய உரிமை உள்ளவனைத் தவறான எண்ணத்துக்குள் இட்டுச்செல்வதே பொய் என்ற கருத்தில் வரைவிலக்கணம் தந்தது. 1997ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் “அறிய உரிமை உள்ளவன்” என்ற பகுதி அந்த இடத்தில் நீக்கப்பட்டுவிட்டது. உரிமையில்லாதவனுக்கு உண்மையை வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை என்று சில பந்திகள் தள்ளிச் சொல்வது மாத்திரம் அப்படியே நிற்கிறது. அதாவது, உரிமையில்லாதவனிடம் மௌனமாயிருக்கலாம். அவனிடமும் பொய்யை உண்மை என்று கொடுக்கலாகாது.

சரி, கனடா அரசுக்கு இதைக் கேட்க உரிமை உண்டா? தன் வீட்டு வாசலில் நிற்பவனை “நீ யார்?” என்று கேட்க வீட்டுக்காரனுக்கு உரிமை உண்டென்றே நான் நினைக்கிறேன். கேள்வியை இன்னும் நீதியாக அமைத்திருக்கலாம். அது வேறு விடயம். நாடுகள் எல்லாம் ஒரேவிதமாகக் கேட்பதுமில்லை. அமெரிக்கா, பொதுமன்னிப்புப் பெற்றிருந்தாலும்கூடக் கைதைச் சொல்லும்படி கேட்கிறது. பிரித்தானியாவின் விசா விண்ணப்பம் தண்டனைகளைப் பற்றியும், இன்னும் வழக்கு முடியாமல் நிலுவையில் உள்ள கைதைப் பற்றியுமே முக்கியமாகக் கேட்கிறது. அங்கே முடிந்துபோன கைதைச் சொல்லாமல் விடுபவன் ஒன்றையும் மறைத்தவனாகான். ஆகவே இளைஞரே, கேள்வியை நன்றாக வாசியுங்கள். முகவரை நம்பி ஒப்பமிடாதீர்கள், ஒப்பம் உங்களுடையது. நாற்பது பக்கம் வரும் ஆங்கிலத்தை அவர் நான்கு நிமிடத்தில் நிரப்பி விடுவார்.

அகப்பட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். தவறான தகவல் கொடுத்ததாகக் கண்டால் கனடா 5 ஆண்டுகளும் பிரித்தானியா 10 ஆண்டுகளும் கதவை அடைக்கும். அமெரிக்காவிலோ விசேட விலக்கு கிடைத்தாலன்றி வாழ்நாள் முழுவதும் தடை. நிரந்தர வதிவிடம் கேட்கும்போதும் குடியுரிமை கேட்கும்போதும் அதே கேள்வி திரும்பத் திரும்ப வரும். ஒரு முறை எழுதிய “இல்லை”யை இருபது ஆண்டு சுமக்கவேண்டும். ஆனால் இதையே பெரிய நியாயமாக நான் முன்வைக்க விரும்பவில்லை. அகப்படுவாய், ஆகையால் பொய் சொல்லாதே என்பது ஞானோபதேச வகுப்பிலே சொல்லிக்கொடுக்கும் பாடமல்ல.

தாயின் நியாயத்துக்குத் திரும்புவோம். அதில் ஒரு பாதி முழு உண்மை. “ஆம்” என்ற ஒரு சொல்லைத் தனியே விட்டால் அது ஒரு பொய்யான படத்தைக் காட்டக்கூடும். ஆகவே அதைத் தனியே விடாதிருப்பது நமது கடமை. அந்தப் பெட்டிக்குக் கீழே விளக்கம் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். அதிலே எந்தச் சட்டம், எந்தத் திகதி, எத்தனை மாதம், எந்த நீதிமன்றம் விடுவித்தது, குற்றப்பத்திரம் இல்லை என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். இலங்கை அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை, குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை எவரையும் சுற்றவாளியென்றே கொள்ளவேண்டும் என்கிறது, அதையும் எழுதலாம். நீதிமன்றக் கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதி, கைதின்போது வீட்டாருக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் செய்த முறைப்பாட்டின் இலக்கம், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தடுப்பில் வந்து பார்த்திருந்தால் அதற்கான அத்தாட்சி என்று எதையும் எறிந்துவிடாதீர்கள். பல வீடுகளில் இவற்றைப் பயத்தினால் எரித்துவிட்டார்கள். இடப்பெயர்வில் தொலைந்தவையும் ஏராளம்.

இன்னொரு சாதுரியமான வழியும் உண்டு. “குற்றத்திற்காகக் கைது” என்றுதானே கேள்வி? பிள்ளை சந்தேகத்தில்தானே தடுக்கப்பட்டான்? குற்றமே இல்லாதபோது குற்றத்திற்கான கைது எங்கே? எனவே மனதுக்குள்ளே அந்தப் பொருளை வைத்துக்கொண்டு “இல்லை” என்று எழுதலாமே என்று படித்தவர்கள் சிலர் கேட்கக்கூடும். இதற்கு ஒழுக்கவியலிலே நீண்ட சரித்திரம் இருக்கிறது. சொல்லாத ஒரு நிபந்தனையை உள்ளத்தில் ஒளித்துவைத்து வாயால் மறுக்கலாம் என்று வாதித்த போதனையை 1679ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதினோராம் இன்னோசென்ற் கண்டித்துத் தள்ளினார். கேட்பவனும் தன் புத்தியால் விளங்கிக்கொள்ளக்கூடிய இருபொருள் வேறு. புனித அத்தனாசியாரைத் தேடி நைல் நதியிலே வந்தவர்கள், அவரையே அறியாமல் “அத்தனாசியார் எங்கே?” என்று கேட்டபோது, “தூரத்தில் இல்லை” என்று விடை வந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் கண்டிருப்பார்கள். நம் மனதுக்குள்ளே பூட்டிவைத்ததை விசா அதிகாரி எப்படிக் காண்பார்?

இதை எழுதும்போது எனக்கு என்னுடைய ஒரு கடிதம் ஞாபகம் வருகிறது. நான் குருவான புதிதில், புகலிடம் கேட்டு வெளிநாட்டில் நின்ற ஒருவருடைய வீட்டார் வந்து, அவர் இராணுவத்தினால் இருமுறை கைதுசெய்யப்பட்டவர் என்று கடிதம் கேட்டார்கள். ஒருமுறை கைதானதை ஊர் அறியும். மற்றதை ஒருவரும் அறியார். “நான் அறிந்தவரையில்” என்று தொடங்கி இரண்டையும் எழுதி ஒப்பமிட்டுக் கோவில் முத்திரையும் குத்திக் கொடுத்தேன். இரக்கத்தினால் செய்தேன் என்று அன்று எண்ணினேன். இன்று யோசிக்கிறபோது, அந்த “நான் அறிந்தவரையில்” என்பது இன்னோசென்ற் பாப்பரசர் கண்டித்ததற்கு மிகவும் கிட்டவே நிற்கிறது.

பாருங்கள், புகலிடம் கேட்கும் வரிசையில் நிற்கும்போது நடவாத கைதை உண்டாக்குகிறோம். மாணவ விசா வரிசையில் நிற்கும்போது நடந்த கைதை இல்லாமலாக்குகிறோம். இதனால் நட்டமடைவது யார்? உண்மையாகவே அடிபட்டு, உண்மையாகவே அடைபட்டு, உண்மையாகவே குற்றமற்று வெளிவந்தவன்தான். அவனுடைய சொல்லை நம்ப ஆளில்லை. “இலங்கைத் தமிழர் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவார்கள்” என்று எங்கோ ஒரு மேசையில் இருப்பவர் எண்ணுவதற்கு நம்முடைய கோவில் முத்திரைகளும் கொஞ்சம் காரணம்.

உயிருக்குப் பயந்து ஓடியவர்களை நான் இங்கே நியாயந்தீர்க்கவில்லை. 1983இன் பின்னர் பிறருடைய கடவுச்சீட்டில் தலை மாற்றி ஏறியவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். உயிராபத்திலிருந்து நேரே தப்பிவரும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது என்று 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தின் 31ஆம் உறுப்புரையே சொல்கிறது. படிக்கப் போவது அவ்வகையானதல்ல. யாழ்ப்பாணத்திலே படிப்பும் உயிரும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் நான் சிரிக்கமாட்டேன். ஆனாலும் அவை இரண்டுதான்.

கைது என்ற சொல்லுக்கு நாமே கொடுத்துவைத்திருக்கும் கருமையைப் பற்றியும் பேசவேண்டும். கலியாணம் பேசும் இடத்திலே “பூசாவிலே இருந்தவராம்” என்று ஒருவர் காதைக் கடித்தால் போதும், குறிப்பு திரும்பி வந்துவிடும். அந்தத் தாய்க்கு விசா அதிகாரியை விட அயலட்டையே பெரிய பயம் என்பதைப் பேச்சிலே கண்டுகொண்டேன். பிள்ளை தடுப்பிலிருந்த மாதங்களில் “கொழும்பிலே வேலைக்கு நிற்கிறான்” என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார். இப்போது விண்ணப்பத்தில் எழுதினால் அது எப்படியோ வெளியே வந்துவிடும் என்று நடுங்குகிறார்.

இந்த வெட்கம் கத்தோலிக்கருக்கு எங்கிருந்து வந்தது? புனித சின்னப்பர் தாம் கண்ட சிறைகளையும் பட்ட அடிகளையும் கொரிந்தியருக்கு வரிசையாகக் கணக்குச் சொல்கிறார். பிலிப்பியிலே விசாரணையின்றி அடித்துச் சிறையிட்ட அதிகாரிகள், மறுநாள் இரகசியமாக அவரை வெளியே அனுப்பப் பார்த்தபோது அவர் மறுத்துவிட்டார். உரோமைக் குடிகளை விசாரிக்காமல் அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். நம்முடைய பிள்ளைகளுக்கு அப்படி ஒருவரும் வந்து கூட்டிச் செல்லவில்லை. பின்கதவால் விடப்பட்டவர்கள் அவர்கள்.

இன்னும் கிட்ட வருவோம். சில்லாலை மக்கள் தங்கள் புனிதராகக் கொண்டாடும் யோசேவ் வாஸ் முனிவர் 1687ஆம் ஆண்டு இந்தக் குடாநாட்டுக்கு எப்படி வந்தார்? கத்தோலிக்க குருக்களுக்கு ஒல்லாந்தர் தடை விதித்திருந்த காலம். கூலியாளின் கோலத்தில், கழுத்திலே செபமாலையோடு வந்தார். தம்மைக் குரு அல்லர் என்று அவர் வாயால் மறுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை; அந்தச் செபமாலையைக் கண்டே விசுவாசிகள் அவரை அடையாளம் பிடித்தார்கள். 1692இல் கண்டிக்குச் சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் கைதாகிச் சிறையிருந்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது இங்கிருந்து பஸ் பஸ்ஸாகப் போனோம். அவர் இன்று மாணவ விசாவுக்கு விண்ணப்பித்தால் “ஆம்” என்றே எழுதவேண்டியிருக்கும்.

நமது மேற்றிராசனத்துக் குருவான சிங்கராயர் அடிகளார் 1982ஆம் ஆண்டு நவம்பரிலே பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் கைதானார். 1983 யூலை 25இலும் 27இலும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட வேளை அவரும் வெலிக்கடைச் சிறையிலே இருந்து உயிர் தப்பினார். அவரை நாம் வெட்கத்தோடா நினைக்கிறோம்? பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு ஏன் வேறு தராசு?

ஒரு படத்துக்காகப் பிடிபட்டவரைப் போலக் கவிதைக்காகப் பிடிபட்டவரும் உண்டு. மன்னாரைச் சேர்ந்த இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் “நவரசம்” என்ற கவிதைத் தொகுதியின் காரணமாக 2020 மே மாதம் கைதாகி, 2023 டிசெம்பரில் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். வெளி உலகிலும் பாருங்கள்: 1993இல் நோபல் சமாதானப் பரிசு பெற்று, சனாதிபதியாகவும் இருந்து இளைப்பாறிய நெல்சன் மண்டேலா, 2008ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்படும்வரை அமெரிக்காவுக்குள் நுழைய விசேட விலக்குப் பெறவேண்டியவராகவே இருந்தார். பெட்டியில் இடும் ஓர் அடையாளம் மனிதனை அளக்காது என்பதை அதிகாரிகளும் காலஞ்சென்றாவது கற்றுக்கொள்கிறார்கள். அதற்காக இந்த ஆண்டே இந்தப் பிள்ளைக்கு விசா கிடைக்கும் என்று என்னால் வாக்குறுதி தர முடியாது. உண்மை எழுதியதனால் மறுக்கப்பட்டவர்களை நான் அறிவேன். பொய் எழுதிப் போய் நன்றாக வாழ்கிறவர்களையும் அறிவேன். அவர்கள் விடுமுறைக்கு வந்தால் கோவிலுக்கு நல்ல காணிக்கையும் போடுகிறார்கள்.

யேசு கைதான இரவிலே முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த இராயப்பரிடம் ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதும் இப்படி ஒரு கேள்விதான். அவரோடு இருந்தவன்தானே நீயும் என்றாள். உயிராபத்தான கேள்வி, கேட்டவளுக்குப் பெரிய உரிமையும் இல்லை. இராயப்பர் மறுத்ததை நாம் ஒருபோதும் பெரிய பாதகமாக நினைத்து அவரைத் தள்ளிவிடவில்லை. ஆனால் அவர் அன்று மறுத்தது எதை? கைதான ஒருவரோடு தமக்கிருந்த உறவை. அதை நினைத்தே வெளியே போய் அழுதார்.

மறுநாள் அவர்கள் வந்தபோது தாயிடம் இவ்வளவையும் நான் பிரசங்கிக்கவில்லை. “நீங்கள் கேட்ட வரியை எழுதேன், வேறொன்று எழுதுகிறேன்” என்று சொல்லி மகனைப் பக்கத்தில் இருத்தி, அவருடைய விளக்கத்தை முதலில் அவரையே தமிழில் எழுதச் செய்தேன். இரண்டு பக்கம் எழுதினார். கைதான இரவு அணிந்திருந்த சேட்டின் நிறம்கூட அதில் இருந்தது. அதைச் சுருக்கி ஆங்கிலமாக்கினோம். தாய் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மகன் வாயால் அந்த நாட்களைப் பற்றி முழுதாகக் கேட்டது அன்றுதான் முதன்முறை என்று நினைக்கிறேன்.

பிறகு என் கடிதம். இன்னாரைச் சிறுவயதிலிருந்து அறிவேன், 2019இல் இன்ன சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார், குற்றஞ்சாட்டப்படாமல் விடுதலையானார், முன்னரும் பின்னரும் இவருடைய நடத்தையை நான் நேரே கண்டவன் என்று எழுதினேன். தாய் வாங்கி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, “பிள்ளை உள்ளுக்க இருக்கேக்க சுவாமி போய்ப் பார்த்தனீங்கள் எண்டும் ஒரு வரி போட்டால் நல்லாயிருக்குமே?” என்றார்.

நான் போய்ப் பார்க்கவில்லை. பொலிஸார் என்னையும் விசாரிப்பார்கள் என்ற பயத்தில், இன்று நாளை என்று தள்ளி, அந்த மாதங்கள் முழுவதும் போகாமலே இருந்துவிட்டேன். அவருக்கு அது மறந்துபோயிற்றோ, அல்லது தெரிந்துதான் கேட்டாரோ அறியேன். “அதை எழுத ஏலாது அம்மா, நான் வரேல்லை” என்று சொன்னேன். மகன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து விண்ணப்பப் பையினுள்ளே வைத்தார். அடுத்த வாரம் விண்ணப்பம் போகிறது. ‘ஆம்’ என்றே போட்டிருக்கிறார்கள்.